பெயர்த்து நட்ட பிள்ளைகள்

மணம் பேச வருவோர் கேட்கும் முதற்கேள்வி எது? படிப்பா? அன்று. பண்பா? அதுவும் அன்று. "எந்த ஊர்?" என்பதே முதற்கேள்வி. "யார் வீட்டுப் பிள்ளை?", "உறவுக்காரர் எங்கெங்கே இருக்கின்றனர்?" என்பன அதன் வால் பிடித்து வருவன. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பர். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். சாதி தெரிந்தபின் குணத்தைப்பற்றி ஆராயவேண்டிய தேவையே இல்லை என்று எண்ணும் சமுதாயம் நம்முடையது.

அந்தக் கேள்வியின் முன்னே வாயடைத்து நிற்போர் உண்டு. பிறந்தது ஓரூர், நடை பழகியது வேறோர் ஊர், எழுத்துக் கற்றது மூன்றாவதோர் ஊர். ஊர் சுற்றும் ஆவலால் சென்றவர்கள் அல்லர் அவர்கள். போர் துரத்தியது, சட்டம் விரட்டியது, ஒப்பந்தம் ஏற்றுமதி செய்தது. ஏன் என்று கேட்கவும் அறியாத பருவத்தில் பெயர்த்தெடுக்கப்பட்ட அவர்கள், வளர்ந்து ஆளாகி, துணை தேடி, ஓர் இல்லம் அமைக்க முற்படும்போது நேர்வது என்ன? இளமையில் இல்லம் இழந்தவர் பின்னாளில் இல்லறம் காண இயலுமா? இயலாமற்போயின், குறை யாருடையது? இதுவே நம்முன் நிற்கும் வினா.

மூன்று விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. "எல்லாம் தலையெழுத்து" என்பார் பழமைவாதி. "வேரில்லாதவன், நாளை எங்கே இருப்பானோ? நம்பிப் பெண் கொடுப்பது எப்படி?" என்பார் உலகியல் அறிந்தவராகத் தம்மைக் கருதிக்கொள்பவர். "ஐயோ, பாவம்!" என்று சொல்லிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போவார் இரக்கமுள்ளவர். முதல் விடை அறிவுக்கு ஒவ்வாது. இரண்டாவது அறத்துக்கு ஒவ்வாது. மூன்றாவதோ எவர்க்கும் பயன்படாது. ஆகவே, விடையை நாமே தேடவேண்டியவர்களாகிறோம்.

வீடு என்பது என்ன? நான்கு சுவரும் ஒரு கூரையுமா? குழந்தையைக் கேளுங்கள், சொல்லத் தெரியாது, ஆனால் அதன் நடத்தை சொல்லும். காலையில் கண்ட முகம் மாலையிலும் இருக்கும். நேற்றுப் படுத்த இடத்தில் இன்றும் படுக்கலாம். அழுதால் வருவதற்கு ஆள் உண்டு — இந்த நம்பிக்கைக்குத்தான் குழந்தையின் அகராதியில் வீடு என்று பெயர். இல்லறமும் அதே நம்பிக்கையின் வளர்ந்த வடிவம்தான். "நாளையும் உன்னோடு இருப்பேன்" என்று இருவர் ஒருவர்க்கொருவர் கூறிக்கொள்ளும் உறுதிமொழியே திருமணம். நாளை என்பதையே நம்ப முடியாதபடி வளர்க்கப்பட்டவர், அந்த உறுதிமொழியைக் கூறுவதும் அரிது. பிறர் கூறக் கேட்டு நம்புவதும் அரிது.

இது கற்பனை அன்று. மேலைநாட்டு அறிஞர்கள் கண்ணால் கண்டு எழுதியது. 1939 செப்டம்பர் முதல் நாள், செர்மானிய விமானங்களுக்கு அஞ்சி, பிரிட்டனின் பெருநகரங்களிலிருந்து குழந்தைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பத் தொடங்கினர். சில நாட்களுக்குள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் இடம் பெயர்க்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பள்ளிப்பிள்ளைகள். சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் நச்சுப்புகை முகமூடி, உடன் பள்ளி ஆசிரியர். ஊர்ப்பொது மன்றங்களில் வரிசையாக நிறுத்தப்பட்ட குழந்தைகளை, வீடு கொடுக்க வந்தோர் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டனர். உயிரைக் காக்கவே அனுப்பினர், ஐயமில்லை. ஆனால் அக்காலத்தில் இலண்டனில் குழந்தைகள் இல்லம் நடத்திய அன்னா பிராய்டும் டாரதி பர்லிங்காமும் கண்டது என்ன? குண்டு விழுந்த ஓசையைவிடத் தாயைப் பிரிந்த அமைதியே குழந்தையை மிகுதியாக வாட்டியது என்பதைக் கண்டனர். உலக நல நிறுவனத்துக்காக ஜான் பவுல்பி 1951-இல் அளித்த அறிக்கையும், தாயன்பு தொடர்ந்து கிடைப்பது குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்றே கூறிற்று.

அந்தக் குழந்தைகள் வளர்ந்தபின் என்ன ஆயினர்? இதற்கு விடை கூறும் நாடு பின்லாந்து. 1939 முதல் 1944 வரை, சோவியத்து நாட்டோடு நடந்த போர்களின்போது, ஏறத்தாழ 70,000 குழந்தைகளை அந்நாடு பெரும்பாலும் சுவீடனுக்கு அனுப்பிவைத்தது. போர் முடிந்து திரும்பிய பிள்ளைகளுள் பலர் தாய்மொழியை மறந்திருந்தனர். பெற்ற தாய் ஒரு மொழியில் அழைக்க, பிள்ளை வேறு மொழியில் விழித்தது. சில ஆயிரம் பேர் திரும்பவே இல்லை.

இவர்களைப் பல்லாண்டுகள் கழித்து ஆராய்ந்தனர். ஹெல்சிங்கியில் பிறந்தோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, பிள்ளைப்பருவத்தில் பெற்றோரைப் பிரிந்தவர்கள் பிரியாதவர்களைவிடச் சற்று மிகுதியான பிள்ளைகளைப் பெற்றனர் என்றும், அவர்களுள் ஆண்கள் இளைய வயதிலேயே தந்தையாயினர் என்றும் கூறுகிறது. இழந்த கூட்டை விரைந்து கட்டிக்கொள்ளும் தவிப்பு அது எனக் கொள்ளலாம். 2018-இல் வெளிவந்த வேறோர் ஆய்வு இன்னும் ஆழமானது. அனுப்பப்பட்ட பெண் குழந்தைகள் பின்னாளில் பெற்ற மகள்களையும், அவர்களின் அனுப்பப்படாத உடன்பிறந்தார் பெற்ற மகள்களையும் ஒப்பிட்டது அது. முன்னவர்களே மனநோய்க்காக மருத்துவமனை சேர்வது மிகுதி எனக் கண்டது. பாட்டி காலத்துப் போர், பேத்தியின் நெஞ்சில் ஓயவில்லை! பெயர்த்தவர்கள் மறந்தனர், பெயர்க்கப்பட்டவரின் பிள்ளைகள் கடன் கட்டினர்.

அதே பின்லாந்து மற்றொரு பாடமும் தருகிறது. போரில் தோற்றுக் கரேலியா நிலப்பகுதியை இழந்தபோது, அங்கிருந்த நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குடும்பம் குடும்பமாக வெளியேறினர். அந்நாடு அவர்களைக் கூடாரத்தில் அடைத்து, வாரம் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1945-இல் நிலச்சட்டம் ஒன்று இயற்றியது. அரசு நிலம், நிறுவனங்களின் நிலம், பெருநிலக்கிழாரின் நிலம் ஆகியவற்றிலிருந்து பங்கெடுத்து, வந்தவர்க்கு வழங்கியது. கூடியவரை ஓரூர் மக்களை ஒரே வட்டாரத்தில் அமர்த்த முயன்றது. இத்தனை செய்தும் துன்பம் துடைக்கப்பட்டுவிடவில்லை. புதிய ஊராரோடு மணஉறவு கொண்டவர்கள் சமுதாயத்தில் உயர்ந்தனர், ஆனால் பிள்ளைகள் குறைவு. தம்மவர்க்குள்ளேயே மணந்தவர்களுக்குப் பிள்ளைகள் மிகுதி, ஆனால் உயர்வு குறைவு என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு விலை கொடுக்கவேண்டியிருந்தது. நல்ல அரசு வாய்த்தும் இந்த நிலை எனில், அரசுகளே கைவிட்டோரின் நிலை என்ன?

கடல் கடந்து தேடவேண்டியதில்லை; கடல் கடந்து வந்தவர்களே நம் நடுவில் இருக்கின்றனர். இலங்கையின் மலைநாட்டைத் தேயிலைக் காடாக்கியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற உழைப்பாளிகள். நான்கு தலைமுறை அங்கே வாழ்ந்தவர்களை, 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் பிறந்தது. 9,75,000 மக்கள்! அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப்பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டனர். 1974-இல் அந்த மீதியையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஆடுமாடுகளைப் பாகம் பிரிப்பவன்கூடத் தாயையும் கன்றையும் ஒரு பக்கம் விடுவான். இங்கே அண்ணன் ஒரு நாட்டுக்கு, தம்பி ஒரு நாட்டுக்கு என்று குடும்பங்கள் கிழிந்தன. சம்பந்தப்பட்ட மக்களை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

மலையிலிருந்து அவர்களை ஏற்றிவந்த புகைவண்டிக்கு அந்த மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, எங்கெங்கோ சிதறினர். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்துசேர்ந்தனர். நீலகிரியில் அவர்களுக்கெனவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அது நல்ல செயல்தான். ஆனால் அங்கேயும் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை ஓய்ந்தால் வீடும் கைநழுவும் என்ற அச்சம் தொடர்ந்தது. அங்கே "கள்ளத்தோணி" என்று ஏசப்பட்டவர்கள், இங்கே "சிலோன்காரர்" என்று பேசப்பட்டனர். இரண்டு நாடுகளுக்கும் அவர்கள் மற்ற நாட்டவரே!

பத்து வயதில் அந்தக் கப்பலேறிய சிறுமியை எண்ணிப் பாருங்கள். 1970-இல் வந்தாள் எனக் கொள்வோம், 1980-இல் மணப்பருவம். நம் நாட்டில் திருமணம் என்பது இருவர் செய்துகொள்வதன்று. ஒரு பெரும் உறவுக்கூட்டம் சேர்ந்து செய்துவைப்பது. மாலை எடுத்துக்கொடுக்கத் தாய்மாமன் வேண்டும். அவனோ அட்டனில் கொழுந்தெடுக்கும் மலையில் இருக்கிறான். மாப்பிள்ளையைப்பற்றி விசாரித்துவரப் பெரியப்பன் வேண்டும். அவர் பதுளையில் இருக்கிறார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வேண்டும். தாயே தோட்டத்து லயத்தில் ஓர் அறைக்குள் அறுவரோடு முடங்கிக்கிடக்கிறாள். கணவன் கைநீட்டி அடித்தால், "என்னப்பா இது?" என்று தட்டிக்கேட்க நாலு பேர் வேண்டும், அந்த நாலு பேரையும் கடல் பிரித்துவிட்டது. இளமையில் இடம் பெயர்க்கப்பட்டவர் இழந்தது இடம் மட்டுமா? தம் பின்னால் நிற்கவேண்டிய மனிதச் சுவரையே இழந்தனர். அதனால்தான் கிடைத்த இடத்தில் அவசரமாக மணம் முடித்தவர் பலர். எவரையும் நம்ப அஞ்சித் தள்ளிப்போட்டவரும் பலர். தம்மைப்போலவே கப்பலேறி வந்த குடும்பத்திலேயே பெண் எடுத்து, பெண் கொடுத்துத் தமக்குள் சுருங்கியவர் மிகப் பலர். இதைக் குணக்கேடு என்பவன் குருடன்.

தோழர்களே, இங்கே நாம் நம் கொள்கையையே உரைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. 1928-இல் பெரியார் முன்னின்று முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்த நாள் முதலாக, நாம் சொல்லிவருவது என்ன? நாள் வேண்டா, கோள் வேண்டா, குலம் வேண்டா, கோத்திரம் வேண்டா. ஒத்த அன்புடைய இருவர் போதும், மாலை போதும், உறுதிமொழி போதும் என்கிறோம். 1967-இல் அண்ணாவின் அரசு சட்டம் இயற்றி அத்தகைய திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. பெருமைக்குரிய வெற்றி! உறவின் பிடியிலே சிக்கி, சாதியின் பிடியிலே சிக்கி மூச்சுத் திணறியவர்களுக்கு அது விடுதலை. ஆனால் பிடிப்பதற்கு உறவே இல்லாதவர்களுக்கு? "இருவர் போதும்" என்று அவர்களிடம் சொல்வது, பட்டினி கிடப்பவனிடம் அளவோடு உண் என்று அறிவுரை கூறுவது போன்றதாகும்.

தாய்மாமன் சீர் என்ற சடங்கை நாம் எதிர்க்கிறோம், சரியே. ஆனால் அந்தச் சடங்கின் உள்ளே ஒரு பொருள் மறைந்திருந்தது: "இந்தப் பெண்ணுக்கு ஆள் இருக்கிறது" என்ற அறிவிப்பு. உமியை நீக்கும் போது அரிசியையும் சேர்த்துக் கொட்டிவிடலாகாது. சடங்கை ஒழித்த இடத்தில், அச்சடங்கு செய்துவந்த உதவியைச் சமுதாயம் செய்யவேண்டும். இல்லையேல், உறவு உள்ளவனுக்கு மட்டுமே பயன்படும் சீர்திருத்தமாக நம் சீர்திருத்தம் நின்றுவிடும்.

மலைநாட்டார் வந்த கதை முடிவதற்குள் மற்றொரு கதை தொடங்கியது. 1983 சூலைப் படுகொலைக்குப் பின், ஈழத்தமிழர்கள் அலை அலையாக வந்தனர். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகக் கரையை மிதித்தனர். பலர் திரும்பினர், பல்லாயிரவர் முகாம்களிலேயே தங்கினர். 2021-இல் அந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு பெயர் மாற்றியது; புதிய வீடுகள் கட்டும் திட்டமும் அறிவித்தது. பெயர் மாறியது நன்று. வீடு வருவதும் நன்று. ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை. இந்தியச் சட்டப்படி, 1987 சூலை முதல் நாளுக்குப் பின் இந்நாட்டில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை வேண்டுமானால், பெற்றோருள் ஒருவரேனும் குடிமகராக இருந்திருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்ததாயின் அதுவும் போதாது. மற்றவர் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியவராக இருத்தல் கூடாது. 2019-இல் வந்த திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வழிதிறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

இதன் விளைவு என்ன? முகாமிலே பிறந்து, முகாமிலே வளர்ந்து, தமிழ்நாட்டுப் பள்ளியிலே படித்த இளைஞன் ஒருத்தியை விரும்பினால், அவன் முதலில் எண்ணவேண்டியது அவள் உள்ளத்தை அன்று, தேதிகளை! "நான் எந்த ஆண்டு பிறந்தேன்? நீ எந்த ஆண்டு? நமக்குப் பிறக்கப்போகும் குழந்தை எந்த நாட்டுக் குழந்தை?" காதலர் இருவர் நடுவே மூன்றாவது ஆளாகச் சட்டப்புத்தகம் உட்கார்ந்திருக்கிறது. வேறொரு முகாமில் இருக்கும் பெண்ணை மணந்தால், அவள் இடம் மாறவும் அனுமதி வேண்டும். பிறவாத பிள்ளையையும் அகதியாக்கும் இந்த நிலையில், "ஏன் இன்னும் திருமணம் செய்துகொள்ளவில்லை?" என்று அவனைக் கேட்பதில் பொருள் உண்டா?

இந்த இடத்தில் சிலர் எழுந்து, "நாற்றைப் பிடுங்கி நட்டால்தானே நெல் விளைகிறது? இடம் பெயர்வது வலிமை தராதா?" என்று கேட்பர். அழகான உவமைதான்; ஆனால் உழவனைக் கேட்டபின் சொல்லியிருக்கவேண்டும். நாற்றைப் பிடுங்குமுன் நடவு வயலை உழுது, தொழி கலக்கி, நீர் நிறுத்தி வைக்கிறான் உழவன். வேர் நையாமல் பிடுங்குகிறான். ஒற்றை நாற்றாக வீசி எறியாமல் கற்றையாகக் கட்டி எடுத்துச் செல்கிறான். நாற்றின் வயது பார்த்து நடுகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறைதான் நடுகிறான்! பிடுங்கிய நாற்றை வரப்பில் போட்டுவிட்டு, ஆண்டுக்கொரு வயலில் மாற்றி மாற்றி ஊன்றுபவன் உழவன் அல்லன். மண்டபத்திலும் பிற முகாம்களிலும் வரப்பிலே கிடந்து வாடியவர்களைப் பார்த்து, "ஏன் கதிர் விடவில்லை?" என்று கேட்கும் உரிமை எவர்க்கும் இல்லை.

இத்தனைக்கும் இடையில் கதிர் விட்டவர்களும் உண்டே என்பீர்கள். உண்டு, ஏராளமாக உண்டு. மலைநாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் ஆசிரியராகவும் செவிலியராகவும் பணியாற்றுகின்றனர். முகாமிலே பிறந்தவர்கள் பொறியியல் படித்துத் தேறுகின்றனர். அன்பும் அறமும் நிறைந்த குடும்பங்களை அமைத்திருக்கின்றனர். ஆனால் அந்தப் புகழ் அவர்களைச் சேர்ந்தது. அவர்கள் பட்ட துன்பத்தைச் சேர்ந்தது அன்று. நெருப்பாற்றில் நீந்திக் கரையேறியவனைப் பாராட்டுவோம். நெருப்பாற்றைப் பாராட்ட வேண்டா.

ஆக, நாம் தேடிய விடை இதுவே. இளமையில் பெயர்க்கப்பட்டவர் இல்லறம் அமைக்கத் தடுமாறினால், அக்குறை அவருடையது அன்று. ஒரு குழந்தையின் நாளையை எவர் உடைத்தனரோ, அந்தக் குழந்தை வளர்ந்தபின் அதற்கு ஒரு நாளையை அளிக்கும் கடன் அவர்க்கு உண்டு. உடைத்தது ஓர் அரசாக இருக்கலாம். கையெழுத்திட்டது மற்றோர் அரசாக இருக்கலாம். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த நமக்கும் அதில் பங்கு உண்டு. இலங்கை நாடாளுமன்றம், 1948-இல் தொடங்கிய அநீதியின் எச்சத்தைத் துடைக்க, நாட்டில் எஞ்சியிருந்த மலையகத் தமிழர்க்கு 2003-இல் குடியுரிமை அளித்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின! அதற்குள் நாடற்றவராகப் பிறந்தவர், நாடற்றவராக மணந்து, நாடற்ற பிள்ளைகளைப் பெற்று, நாடற்றவராகவே மாண்டும் போயினர். நீதி தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு தலைமுறையின் மணப்பருவத்தைத் தின்றுவிடுகிறது.

அரசுகள் செய்யவேண்டியவை தெளிவு: எக்காரணத்தாலும் குழந்தையைப் பெற்றோரிடமிருந்தும் உடன்பிறந்தாரிடமிருந்தும் பிரித்தல் கூடாது, இங்கே பிறந்து வளர்ந்தவர்க்குக் குடியுரிமை தரவேண்டும், வேலையோடு போய்விடாத வீடு வேண்டும். இவற்றுக்காகக் குரல் கொடுப்பது நம் கடமை. ஆனால் அரசு செய்யுமட்டும் நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லையா?

உண்டு. பூங்குன்றனாரின் பாட்டை மேடைதோறும் முழங்குகிறோம், கைதட்டல் வாங்குகிறோம். மேடையிலிருந்து இறங்கி, மகனுக்குப் பெண் பார்க்கும் போது, "எந்த ஊர்?" என்று கேட்கிறோம்! சாதி கேட்பதை வெட்கம் எனக் கற்றவர்களும், ஊர் கேட்பதை வழக்கம் என விட்டுவிட்டனர். சாதியை வாசல்வழியே துரத்திவிட்டு, ஊர் என்ற பலகணிவழியே உள்ளே அழைப்பதற்கு அது ஒப்பாகும். முகாமில் பிறந்த பெண், தோட்டத்து லயத்தில் வளர்ந்த இளைஞன் — இவர்களை மணக்க நம் வீட்டுப் பிள்ளைகள் விரும்பினால், ஊரையும் உறவையும் காட்டித் தடுக்காதிருப்பது முதற்படி.

அடுத்த படி ஒன்று உண்டு, அதுவே கடினமானது. அத்தகைய திருமணம் நம் ஊரில் நடக்கும்போது, அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் போய் நிற்போம். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் இல்லையெனில் கையெழுத்திடுவோம். வாழ்த்திவிட்டு வந்துவிட்டால் போதாது. ஆறு திங்கள் கழித்து அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "நலமா?" என்று கேட்கவேண்டும். முதல் குழந்தை பிறக்கும் போது மருத்துவமனை வாசலில் காத்திருக்கவேண்டும். அக்குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில், சொந்த ஊர் எதுவென்று எவரேனும் கேட்டால், "இதுதான்" என்று அந்தத் தாய் தயங்காமல் நம் ஊரின் பெயரைச் சொல்லவேண்டும்.